தட்டைச் சாய்த்தால் ஓடக் கூடாது

ஜூன் 2

இன்று முதல் எழுதுகிறேன். காரணம் க்ரீம்.

பொய். காரணம் அக்கா.

திருமண வலைத்தளத்தில் என் விவரங்களை நிரப்பியவள் செண்பகம் அக்கா. பெயர் குற்றாலிங்கம். வயது, உயரம், நட்சத்திரம், எல்லாம் உண்மை. தத்துவத்தில் எம்.ஃபில். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பகுதிநேர ஆசிரியர். அதுவும் உண்மை, வருத்தத்துக்குரிய உண்மை. அடுத்த கட்டம்: பொழுதுபோக்கு. அக்கா எழுதியிருக்கிறாள்: ஐரோப்பியச் சமையல்.

"ஏன்க்கா?"

"பின்ன என்னத்தல எழுத? மோட்டுவளையப் பாத்துட்டு இருப்பான்னா? நீ ஒருநா உப்புமால பால ஊத்தி, மொளகு போட்டு கிண்டலியா? அதத்தான் எழுதுனேன்."

அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. வீட்டில் பால்தான் இருந்தது. வரலாறு இப்படித்தான் எழுதப்படுகிறது.

தென்காசியிலிருந்து ஒரு வரன். வடிவாம்பிகை. கொச்சியில் கப்பல்களுக்கு வரைபடம் போடுகிறாள். இதுவரை மூன்று வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று முறையும் கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். மூன்று முறையும் 'வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்லியனுப்புகிறோம்.' நான்காவதற்கு அவள் நிபந்தனை வைத்திருக்கிறாள்: 'இந்தத் தடவை நான் போய்ப் பார்ப்பேன். கேசரி, பஜ்ஜி கூடாது. அந்த ஐரோப்பியச் சமையல்காரர் கையால் வெள்ளைச் சாஸ் பாஸ்தா, காளான் போட்டது. தட்டை அவரே தூக்கி வர வேண்டும். ருசி பார்த்த பிறகுதான் முடிவு சொல்வேன்.'

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "இது என்னல கூத்து! ஆம்பளப் புள்ள தட்டத் தூக்கிட்டு வாரதா?"

எனக்கு ஆட்சேபம் இல்லை. கோட்பாட்டளவில் நியாயமான கோரிக்கை. திருமணம் என்ற அமைப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது வேறு விஷயம்.

29ஆம் தேதி, ஞாயிறு, வருகிறார்கள்.

புகைப்படத்தில் இடது காதுத் தோடு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சும்மா கண்ணில் பட்டது.


ஜூன் 4

சமையல் குறிப்புகள் படித்தேன். நிறைய. எல்லாவற்றிலும் ஒரு வரி: 'பிறகு க்ரீம் சேர்க்கவும்.'

எந்த க்ரீம்?

யாரும் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாதவை பற்றி உலகம் எப்போதும் இப்படித்தான் பேசுகிறது.


ஜூன் 5

முதல் ஊகம்: ஆடை. பாலின் மேல் படிவது. க்ரீம் என்பது அதுதானே. அம்மா தினமும் ஆடையை எடுத்து ஒரு டப்பாவில் சேர்த்து ஃபிரிட்ஜில் வைக்கிறாள். முழு டப்பாவையும் வாணலியில் போட்டேன்.

அம்மா அந்தந்த நாள் ஆடையோடு கொஞ்சம் தயிரும் சேர்த்து வைப்பாள் என்பது எனக்குத் தெரியாது. சூடேறியதும் புளித்த மணம். பிறகு வெண்ணெய் ஒரு பக்கம், மோர் ஒரு பக்கம், நடுவே காளான்.

நயினார் அத்தான் வந்திருந்தார். அக்காவின் கணவர். மாவு மில் வைத்திருக்கிறார். ஒரு கரண்டி வாயில் போட்டு வெகுநேரம் யோசித்தார்.

"மச்சான், மோர்க்கொழம்பு நல்லாருக்கு. வெண்டைக்கா போட்டிருந்தா இன்னும் நல்லாருக்கும்."

அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "எங்கல என் நெய்யி?"

இன்னும் நெய்யாகாத ஒன்றை நெய் என்று அழைக்கலாமா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.


ஜூன் 8

வடிவாம்பிகையிடமிருந்து செய்தி. என் போன் எண்ணை அக்கா கொடுத்திருக்கிறாள்.

'வணக்கம். குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சு. உங்களுக்கு?'

என்ன பதில் எழுதுவது என்று காலையிலிருந்து யோசித்தேன். மாலையில் எழுதினேன்: 'சாரல் மட்டும்.'

ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. கண்ணில் தண்ணீரோடு சிரிக்கும் வகை. கண்ணில் தண்ணீர் இல்லாத வகையும் இருக்கிறது. அவள் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

க்ரீம் பற்றி இன்று வேலை ஏதும் நடக்கவில்லை.


ஜூன் 10

சூப்பர் மார்க்கெட்டில் சின்னக் காகிதப் பெட்டியில் ஃப்ரெஷ் க்ரீம். புத்துணர்ச்சியான பெயர். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில்: கொழுப்பு இருபத்தைந்து சதவீதம்.

பூண்டு வதக்கி, காளான் போட்டு, க்ரீம் ஊற்றிக் கொதிக்க விட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு குறிப்பில் எலுமிச்சை பிழியச் சொல்லியிருந்தது. பிழிந்தேன்.

பிரிந்தது.

கண் முன்னால். முதலில் ஓரத்தில் ஒரு நடுக்கம். பிறகு வெள்ளைத் துணுக்குகள். சுற்றிலும் கலங்கிய நீர். சேர்ந்திருப்பவை எல்லாம் பிரிவதற்கான சூட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன என்று தோன்றியது. இதைக் குறித்துக்கொள்ளும்போதே தீய்ந்துவிட்டது.

அத்தான் எட்டிப் பார்த்தார். "பால் திரிஞ்சா பன்னீராவது கெடைக்கும். இது என்னதுடே?"

பாடம்: கொழுப்பு குறைந்த க்ரீம் கொதியும் தாங்காது, புளிப்பும் தாங்காது. அடுப்பை அணைத்த பிறகு ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் தளர்வாக இருக்கும். தளர்வாக இருந்தால் என்ன, ருசி இருந்தால் போதும் என்று முடிவு செய்தேன்.


ஜூன் 13

அத்தான் உதவ விரும்பினார். கேக் கடைகளுக்குச் சாமான் போடும் இடத்திலிருந்து ஒரு பெரிய பெட்டி. கல்லாக உறைந்திருந்தது.

"க்ரீம்னா இதுதான் க்ரீமு. டவுன்ல அத்தன பேக்கரியும் இதத்தான் வாங்குதான்."

உருக்கி ஊற்றினேன். பிரியவில்லை. பளபளவென்று நின்றது. அம்மாகூட "பாக்க லெச்சணமாத்தான் இருக்கு" என்றாள்.

வாயில் வைத்தோம்.

பிறந்தநாள். பூண்டு போட்ட பிறந்தநாள். அந்தப் பெட்டியில் பாலே இல்லை. எண்ணெயும் சர்க்கரையும். கேக்கின் மேல் ரோஜாப்பூ போடுவதற்கானது.

அத்தான் மட்டும் முழுத்தட்டும் தின்றார். "ஒருவேள ஐரோப்பாவுல இப்பிடித்தான் இருக்குமோ?"

அவளுக்கு எழுதினேன்: 'இன்று சாஸ் இனித்தது.'

'எனக்குச் சமைக்கத் தெரியாது. சாப்பிடத்தான் தெரியும். ஆனா இனிச்சா ஒத்துக்க மாட்டேன். கேசரியோட என் பகை தீரலை.'

பகை என்ற சொல்லை இவ்வளவு சரியாக யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை.


ஜூன் 15

நெருக்கடி.

வடிவாம்பிகையின் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் பெரியப்பா சொல்வதுதான் சட்டம். பெயர் சங்கரபாண்டியன். இன்று போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். அனைவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க தாயி. பேசி முடிக்கதுக்கு முன்னால மாப்ள வீட்டுல கை நனைக்க வழக்கம் எங்களுக்குக் கெடையாது. காப்பி குடிப்போம், பலகாரம் திம்போம். சாப்பாடு சாப்பிட்டா சம்பந்தம் முடிஞ்சதுன்னு ஆயிரும்லா?"

"மொறதானே அண்ணாச்சி. எங்க பக்கமும் அப்பிடித்தான்."

"பாப்பா என்னமோ பாஸ்தாங்கா. அது பலகாரமா, சாப்பாடா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அத்தான் போனை நோக்கிக் குனிந்தார்.

"அது கோதும அண்ணாச்சி. நான் மாவு மில்லு வச்சிருக்கேன். அடிச்சுச் சொல்லுதேன்."

"சரி. பொரிக்கீங்களா, வேக வைக்கீங்களா?"

"வேகத்தான் வைக்கோம்."

"மேல என்ன?"

"சாசு. கொழம்பு மாதிரி. வெள்ளையா ஊத்துவோம்."

"வேக வச்சதுல கொழம்ப ஊத்துனா, அது சாப்பாடு இல்லாம வேற என்னய்யா?"

அக்கா அத்தானின் தொடையில் கிள்ளினாள். சத்தம் தென்காசிக்குக் கேட்டிருக்கும். அம்மா போனை இழுத்துக்கொண்டு வெகுநேரம் வாதாடினாள். சுண்டல் வேக வைத்ததுதானே, அது பலகாரம் இல்லையா? அது சரி, ஆனால் சுண்டலில் குழம்பு இல்லையே. ரவா லட்டு? அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? கடைசியில் தீர்ப்பு வந்தது.

"பெரட்டுனா பலகாரம். ஊத்துனா சாப்பாடு. தட்டச் சாய்ச்சுப் பாப்பேன். ஓடக் கூடாது. ஓடிச்சுன்னா காப்பியக் குடிச்சிட்டு எந்திரிச்சிருவோம், வருத்தப்படப்பிடாது."

ஓடினால் அவளைத் தின்ன விட மாட்டார். தின்னாமல் அவள் முடிவு சொல்ல மாட்டாள்.

ஆக, எல்லாம் க்ரீமின் கெட்டித்தன்மையில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இது வெறும் அறிவார்ந்த ஆர்வம்.


ஜூன் 16

தூக்கம் வரவில்லை. வெயில்.


ஜூன் 18

ஃப்ரெஷ் க்ரீமைக் கெட்டியாக்கும் முயற்சிகள். சோள மாவு: பசை, சுவரில் போஸ்டர் ஒட்டலாம். முந்திரி அரைத்தது: குருமா. அம்மாவுக்குப் பிடித்திருந்தது, "இதையே குடுத்திருல, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். அவளுக்குத் தெரியும். கொச்சியில் இருப்பவள். அத்தான் மைதா கொண்டுவந்தார். அவருடைய எல்லாத் தீர்வுகளும் மாவிலேயே முடிகின்றன.

மதுரையில் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் பழைய அறைத்தோழன் ஸ்டீபனைக் கூப்பிட்டு, எந்த க்ரீம் பிரியாது என்று கேட்டேன்.

"பாலில் எடுத்த க்ரீம் வேணும்டா. முப்பத்தஞ்சு பர்சன்ட் கொழுப்பு. அது கொதி தாங்கும், சுண்டச் சுண்டக் கெட்டியாகும். அடிச்சு நுரை எழுப்புறதுக்கு விக்கிறது. ஆனா இனிப்புப் போட்டதை எடுத்துராத. பெட்டியில பால் கொழுப்புன்னு எழுதியிருக்கணும்."

"எங்கே கிடைக்கும்?"

"எங்க கிச்சன்ல இருக்கு. பஸ்ல போட்டு விடுறேன். ஆமா, உனக்கெதுக்கு இதெல்லாம்? தத்துவம் படிச்சவனுக்குக் கொழுப்பு ஏற்கெனவே அறுபது பர்சன்ட் இருக்குமே?"

ஆய்வு என்றேன்.

"பேரென்ன?" என்றான்.

வைத்துவிட்டேன்.


ஜூன் 21

பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். மதுரை வண்டி தாமதம். ஓட்டுநர் தெர்மகோல் பெட்டியை என்ஜின் மேல் வைத்திருந்தார். ஓடிப்போய் எடுத்தேன்.

"மீனா தம்பி?"

"க்ரீம் அண்ணே."

"மூஞ்சிக்கா?"

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐஸ் இன்னும் இருந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஈரம் கால்சட்டையில் பரவியது. தெருவில் பார்த்தவர்கள் வேறு விதமாக எண்ணியிருக்கலாம். எண்ணட்டும்.


ஜூன் 22

சோதனை. க்ரீம் கொதித்தது. பிரியவில்லை. சுண்டியது. கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டேன். கோடு நின்றது. பாஸ்தாவைப் போட்டுப் பிரட்டினேன். ஒவ்வொன்றையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டது.

பெரியப்பா வேடத்தில் அத்தான். மீசையை முறுக்கிக்கொண்டு தட்டைச் சாய்த்தார்.

ஓடியது.

ஒரு மெல்லிய சாம்பல் நிற ஓடை. க்ரீமிலிருந்து வந்ததல்ல. காளான். சும்மா வதக்கிய காளான் தட்டுக்கு வந்த பிறகு தன் தண்ணீரை விடுகிறது. நல்லவன் போல உட்கார்ந்திருந்து கடைசி நேரத்தில்.

அத்தான் எழுந்து நின்றார். "காப்பி குடிச்சாச்சு. எந்திரிக்கோம். வருத்தப்படப்பிடாது."

ஒருவரும் சிரிக்கவில்லை.


ஜூன் 23

காளானைத் தனியே, எண்ணெய் காய்ந்த சட்டியில், அதன் தண்ணீர் முழுக்க வற்றும்வரை வறுத்தேன். பிறகு க்ரீம். அது சுண்டும்வரை கிண்டினேன். பிறகு பாஸ்தா.

தட்டைச் சாய்த்தேன். செங்குத்தாக. தலைகீழாகவும் பிடித்தேன். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மொத்தமாக விழுந்தது. ஆனால் ஓடவில்லை.

கண்ணில் தண்ணீர். வெங்காயம்.

(வெங்காயம் நறுக்கவில்லை. அடுத்த வீட்டில் நறுக்கியிருப்பார்கள்.)


ஜூன் 26

'ஒரு சந்தேகம்,' அவள். 'என்ன சட்டை போடுவீங்க? தட்டு தூக்கிட்டு வாரவங்க பட்டு உடுத்தணும்.'

'பருத்தி,' நான்.

'பூ வைக்கணும்.'

'முடி குறைவு.'

அந்தச் சிரிப்புப் பொம்மை. கண்ணில் தண்ணீரோடு. இந்த முறை இரண்டு.


ஜூன் 28

தட்டு தூக்கி நடந்து பழகினேன். சமையலறையிலிருந்து கூடம்வரை. அக்கா இருந்து பார்த்தாள்.

"தலையக் குனில. நீ என்ன அளவு டேப்பு வச்சு அவங்கள அளக்கவா போற?"

குனிந்தால் தட்டு சாய்கிறது. சாய்ந்தால் என்ன, ஓடாது. அந்த நம்பிக்கையில் குனிந்தேன். பெண்கள் எதை நம்பிக் குனிகிறார்கள் என்று தெரியவில்லை.

அம்மா திடீரென்று கேட்டாள்: "ஏல, அந்தப் புள்ளைக்குப் பிடிக்கலன்னா என்ன செய்வ?"

"ஒன்றும் செய்ய மாட்டேன். எனக்கென்ன?"

"அப்ப ஏன் தட்டு நடுங்குது?"


ஜூன் 29

அவர்கள் போய்விட்டார்கள். கை இன்னும் பூண்டு மணக்கிறது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

நான்கு மணிக்கு வந்தார்கள். வடிவு, அவள் அம்மா, பெரியப்பா சங்கரபாண்டியன். நான் சமையலறையில். குரல்கள் மட்டும் கேட்டன. வெயிலைப் பற்றி, தென்காசி ரோட்டைப் பற்றி. இப்படித்தான் அவள் மூன்று முறை உள்ளே நின்று கேட்டிருப்பாள்.

பிறகு அம்மாவின் குரல்: "குத்தாலம், கொண்டா."

போனேன். குனிந்து. செருப்பு வாரின் தடம் தெரிந்த ஒரு ஜோடிப் பாதம், ஒரு வெள்ளைச் சுடிதார் விளிம்பு. நிமிர்ந்தேன். தோடு இன்றும் சாய்ந்திருந்தது. ஆக, புகைப்படத்தின் பிழை அல்ல.

வடிவு நேராகப் பார்த்துக் கேட்டாள். "பாடத் தெரியுமா?"

"தெரியாது."

"கோலம்?"

"புள்ளி வைப்பேன்."

"பெரியப்பா, நடந்து காட்டச் சொல்லவா?"

"ஏட்டி, சும்மா கெட," என்றார் பெரியப்பா. "அந்தப் பையன் மூஞ்சியே செத்துப்போய் இருக்கு."

தட்டை எடுத்தார். அத்தான் உதட்டை அசைத்தார், வேண்டுதலாக இருக்கலாம். பெரியப்பா தட்டைச் சாய்த்தார். ஒரு பக்கம். மறுபக்கம். கண்ணருகே கொண்டுபோய் ஓரத்தைப் பார்த்தார். விரலால் தொட்டார். விரல் நனையவில்லை.

"பலகாரந்தான்," என்றார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா ஆளுக்கொரு தட்டில் வைத்தாள். எல்லோரும் கரண்டியால் சாப்பிட்டார்கள். பெரியப்பா நிதானமாக. "பூண்டு நல்லா மணக்கு. பிசுபிசுன்னு ஒட்டுது பாரு. என்னதுய்யா இது?"

"முப்பத்தைந்து சதவீதம்," என்றேன்.

அவர் தலையாட்டினார், ஏதோ மதிப்பெண் என்று நினைத்திருப்பார்.

வடிவு மெதுவாகத்தான் சாப்பிட்டாள். ஒரு வாய். இன்னொரு வாய். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பார்த்தேன். பாதித் தட்டில் கரண்டி நின்றது.

காப்பி வந்தது. முடிந்தது. பெரியப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி தாயி. பலகாரம் ஆச்சு, காப்பியும் ஆச்சு. வீட்டுக்குப் போயி, கலந்து பேசிச் சொல்லியனுப்புதோம்."

அந்த வாக்கியம். ஒரு மாதமாகச் சுண்ட வைத்தது இதற்குத்தான் என்று புரிந்தது. நான் செய்தது அப்பழுக்கற்ற பலகாரம். பலகாரத்துக்கு யாரும் யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை. அம்மா "ஆகட்டும் அண்ணாச்சி" என்றாள். அத்தான் செருப்பு இருக்கும் திசையைப் பார்த்தார்.

வடிவு எழுந்திருக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"அத்த, கொஞ்சம் வெந்நி கெடைக்குமா?"

தொண்டைக்கு என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்து ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். வடிவு செம்பைச் சாய்த்துத் தன் தட்டில் ஊற்றினாள்.

நிறைய.

க்ரீம் விட்டுக்கொடுத்தது. கொதியைத் தாங்கியது, சாய்வைத் தாங்கியது, இதைத் தாங்கவில்லை. காளான்கள் மிதந்தன. வெள்ளை ஓடை ஒன்று தட்டின் விளிம்புக்கு வந்து, யோசித்து, டீப்பாயில் வழிந்தது.

கரண்டியைத் தள்ளி வைத்தாள். ஐந்து விரலையும் உள்ளே விட்டுப் பிசைந்தாள்.

"ஏட்டி!" என்றார் பெரியப்பா. "என்ன செய்யுத?"

"சாப்பிடுதேன் பெரியப்பா."

"அது ஓடுதுல்லா?"

"ஓடத்தான் செய்யுது."

ஒரு கவளம். பாஸ்தாவில் கவளம் சாத்தியம் என்று எனக்குத் தெரியாது. முழங்கைவரை வழிந்தது. அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அத்தானுக்குப் புரிய நேரம் ஆயிற்று. அக்கா காதில் சொன்னதும் "அட!" என்று கத்திவிட்டார்.

வடிவு வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு என்னிடம் சொன்னாள். "மொதல்ல இருந்ததுதான் ருசி. இப்ப கேவலமா இருக்கு."

"தெரியும்," என்றேன். "கொழுப்பு நீர்த்துவிட்டது."

இதைவிட நல்ல வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்திருக்க வேண்டும். இருபத்தொன்பது வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் வந்தது. அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு.

பெரியப்பா அண்ணாந்தார். மின்விசிறியைப் பார்த்தார். அவள் நனைந்த கையைப் பார்த்தார். என் பருத்திச் சட்டையைப் பார்த்தார். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு குனிந்து, தான் வைத்துவிட்ட தட்டை மறுபடி எடுத்தார். அதில் மிச்சம் இரண்டு காளான், ஓரத்தில் ஒட்டிய கொஞ்சம் வெள்ளை.

அம்மாவிடம் நீட்டினார்.

"ம். எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க சம்பந்தி."

அம்மா அவசரமாக ஊற்றியதில் பாதி வெந்நீர் அவர் வேட்டியில். நல்ல சூடு. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கையை நனைத்து, இரண்டு காளானையும் தின்றார்.